கோட்டின் அகலம்

வேலாயிரேந்தல் கிராமத்தின் புது வரைபடத்தில் தாசில்தார் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திய மறுநாள், ஆனி மாதத்துப் புதன்கிழமை விடியற்காலையில், அந்த வரைபடத்தில் இருந்த கோடுகளெல்லாம் ஊருக்கு வந்து தத்தமது இடம் பார்த்துப் படுத்துக்கொண்டன. வாசல் தெளிக்க வாளியோடு வெளியே வந்த பூமயில், கீழத்தெரு முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் கருப்பாக, பளபளப்பாக, இரண்டு முழ அகலத்தில் நீளமாக ஒன்று கிடப்பதைப் பார்த்தாள். எட்டு வருசமாக மனுக் கொடுத்துக் கேட்ட தார்ரோட்டை யாருக்கும் சொல்லாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, "ஏய்யா, எந்திரிச்சு வந்து பாரு, ரோடு வந்திருச்சு" என்று புருசன் சன்னாசியை எழுப்பினாள். சன்னாசி வந்து குனிந்து தொட்டுப் பார்த்தான். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. மை வாசம் மட்டும் அடித்தது. தாண்டிப் போகலாமென்று காலைத் தூக்கினான். தூக்கிய கால் அந்தப் பக்கம் போகாமல் தானாகத் திரும்பிக் கோட்டோரமாகவே நடந்தது. அவன் நாலு தடவை முயன்றான், நாலு தடவையும் கால் அப்படித்தான் செய்தது. "ரோடு இல்லடி இது" என்று சொல்லிவிட்டுத் திண்டாடிப்போய்க் கல்லின் மேல் உட்கார்ந்தான்.

பத்து மணிக்குள் விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. தாலுகா ஆபீஸ் மேசையில் மயிரிழையாக இழுத்த கோடு, ஐயாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய படத்திலிருந்து ஊரின் சொந்த அளவுக்குத் திரும்பி வரும்போது ஒரு மீட்டர் அகலம் ஆகிவிடுகிறது என்று ஊராட்சி எழுத்தர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஊரின் பெயர் வயல்களுக்கு நடுவே ஒவ்வொரு எழுத்தும் ஒரு வயல் அகலத்துக்கு விழுந்து கிடந்தது. வடக்கைக் காட்டும் அம்பு பள்ளிக்கூடத்து மைதானத்தில் விழுந்திருந்தது, பிள்ளைகள் அதன் மேல் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். அளவுகோல் கருப்பும் வெள்ளையுமாக அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பஸ் ரோட்டோரம் கிடந்தது. ஆடு மாடு கோழி காக்காய் எதுவும் கோடுகளைச் சட்டை செய்யவில்லை. அவை பாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தன. மனுசன் மட்டும்தான் பட்டாவில் பேர் இருந்தால் தாண்டலாம், இல்லாவிட்டால் பேர் உள்ளவன் வா என்று கூப்பிட வேண்டும்.

ஒரு ஊருக்கு எதுவும் பழகிப்போகும். முதல் வாரம் அழுதார்கள், இரண்டாவது வாரம் சண்டை போட்டார்கள், மூன்றாவது வாரம் கோட்டின் மேல் மிளகாய் வற்றல் காயப்போட்டார்கள், ஏனென்றால் கருப்பு மையில் வெயில் நன்றாக ஏறியது, இரண்டு நாளில் காய்வது ஒரே நாளில் காய்ந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் குலம் கோத்திரம் கேட்ட கையோடு சர்வே நம்பரும் கேட்டார்கள். வாயாடிப் பிள்ளைகளை "போடா புறம்போக்கு" என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள், எந்தப் பட்டாவிலும் சேராத ஆளுக்கு நிஜமாகவே என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டதால், திட்டுவதை விட்டார்கள். கூலி வேலைக்கும் ஒரு வழி பிறந்தது. காலையில் கீழத்தெரு ஆட்கள் கோட்டோரம் வந்து வரிசையாக நிற்பார்கள். வயல்காரர்கள் அந்தப் பக்கம் நின்று ஒரு கம்பை நீட்டுவார்கள். இவர்கள் கம்பின் நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவர்கள் "வா" என்று இழுத்துக்கொள்வார்கள். கையைப் பிடித்தே இழுக்கலாம், அதற்கு ஒன்றும் கோடு தடை சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குக் கம்புதான் தோன்றியது. சாயங்காலம் அதே கம்பால் தள்ளிவிடுவார்கள்.

இதையெல்லாம் கீழத்தெரு பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்: தெருவிலிருந்து நிலக்காரர் துரைராசுவின் வயல் வரப்பு வழியாக அவர்களுடைய இடுகாட்டுக்குப் போகிற பாதை வரைபடத்தில் இல்லை. இடுகாடும் இல்லை. அது இருந்த இடத்தில் 'தரிசு' என்று எழுதியிருந்தது. எழுதியபடியே தரையும் ஆகிவிட்டது. மேடுகளெல்லாம் அமுங்கிச் சமதரையாகி, மேலே கோரையும் முள்ளும் முளைத்துவிட்டன. அங்கே பூமயிலின் மகள் செவந்தி கிடக்கிறாள், ஏழு வயதில் காய்ச்சலில் போனவள். பதினோரு வருசமாக அந்தச் சின்ன மேட்டுக்கு ஆடிக்கு ஆடி மஞ்சள் தெளித்துவிட்டு வந்தவர்கள் இப்போது கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, ஒற்றைப் பனையை அடையாளம் வைத்து, அதற்கு மூன்றடி தெற்கே என்று கண்ணால் தேட வேண்டியிருந்தது. சன்னாசி தினமும் வேலை முடிந்து வந்து அப்படி நின்று தேடினான்.

பாதை ஏன் விட்டுப்போயிற்று என்று பூமயிலுக்குத் தெரியும். வேறு யாரையும் திட்ட முடியாதபடி அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

பங்குனியில் சர்வேயர் முக்காலி வைத்து அளக்க வந்தபோது கீழத்தெரு முனையில் நின்று, "இங்கருந்து தெற்க பாதை எதுவும் போகுதா?" என்று கேட்டார். இருக்கிறது என்று பத்துப் பேர் சொன்னார்கள். "வாயால சொன்னா ஆகாது. யாராச்சும் ஒருத்தர் கடைசி வரைக்கும் நடந்து காட்டுங்க. ஆள் நடக்க நடக்க நான் புள்ளி வச்சுக்கிட்டே வருவேன்" என்றார். பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். பிணமில்லாமல் அந்தப் பாதையில் நடக்கக் கூடாது என்பது கீழத்தெருவில் வழிவழியாக வந்த கட்டுப்பாடு. செவந்திக்கு மஞ்சள் தெளிக்கப் போகிறவர்கள்கூடக் கண்மாயைச் சுற்றிப் பின்பக்கமாகத்தான் போவார்கள். வெறுங்கையோடு அதில் கால் வைத்தால் அடுத்த பாடை அவருக்குத்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். சன்னாசி மட்டும், "நான் நடக்கேன் சார்" என்று இரண்டு எட்டு எடுத்து வைத்தான். பூமயில் ஓடிப்போய் அவன் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்தாள். "ஒனக்கென்ன கிறுக்கா? ஊர்ல வேற ஆம்பளயே இல்லையா? நீ போனா நான் யாரோட கெடக்க?" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினாள். அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிட்டான். சர்வேயர் துரைராசு வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்து முடிக்கிற வரை காத்திருந்தார், யாரும் நடக்கவில்லை. அங்கே தெற்கே என்ன இருக்கிறது என்று துரைராசுவிடம் கேட்டார். துரைராசு காயை வாங்கித் தூரப் போட்டுவிட்டு, "தரிசுதான்" என்றார்.

பூமயில் நாலாவது வரை படித்தவள். படத்தில் எந்த அடையாளத்துக்கு என்ன அர்த்தம் என்று எழுதுகிற கட்டம் இருக்குமே, குறிவிளக்கம், அது படத்தின் ஓரத்தில் இருந்ததால் ஊருக்குள் விழாமல் பக்கத்து ஊர்க் காய்ந்த கண்மாயில் போய் விழுந்திருந்தது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவள் அங்கே போனாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவுக்குக் கிடந்தன. நின்று பார்த்தால் எதுவும் புரியாது. ஒவ்வொரு எழுத்தின் மேலும் அது வளைகிறபடி வளைந்து, சுழிக்கிறபடி சுழித்து நடந்து முடித்தால்தான் அது என்ன எழுத்தென்று தெரியும். முழுக்கோடு என்றால் எல்லை என்பதை நடந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கோடுகள் மூன்று கூடுகிற இடத்தில் கல் என்பதை நடந்தாள். நீலமாக இருந்தால் நீர் என்பதை, கண்மாய்க்குள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில், நடந்தாள். சாயங்காலம் கடைசி வரிக்கு வந்தபோது புள்ளி புள்ளியாக ஒரு வரிசை கிடந்தது. பக்கத்தில் இருந்த சொல்லை நடந்தாள். 'நடைபாதை' என்று வந்தது. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இருந்த வெறுந்தரையில் அவள் கால் தாராளமாகத் தாண்டிப் போய் வந்தது. அந்த இடைவெளியில் உட்கார்ந்து அவள் கொஞ்ச நேரம் அழுதாள். வீட்டுக்கு வந்து, "நமக்கு வேண்டியது புள்ளிய்யா. கொஞ்சம் புள்ளி இருந்தாப் போதும்" என்றாள்.

"அத நான் அன்னைக்கே நடந்து வச்சிருப்பேன்" என்றான் சன்னாசி. அவன் அதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் அது அப்படித்தான் கேட்டது.

தாலுகா ஆபீசில் படம் வரைகிற மெர்சி என்ற பெண் நல்ல மாதிரி. பூமயிலை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மனு எழுதியும் கொடுத்தாள். "நாங்க இருக்கறதத்தான்மா வரைவோம். ஆனா உங்க ஊர்ல வரைஞ்சதுதான் இருக்குது. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். புதுப் பாதை காட்ட வேண்டுமானால் பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீசு கொடுத்து முப்பது நாள் ஆட்சேபணைக்கு விட வேண்டும். துரைராசு இருபத்தொன்பதாவது நாள் ஆட்சேபணை கொடுத்தார்.

ஆவணி பிறந்து ஒன்பதாம் நாள் காலையில், கம்பைப் பிடிக்கப் போன இடத்தில், சன்னாசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கோட்டோரமே சரிந்தான். பூமயில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "அவ தனியா கெடக்கா. அவ பக்கத்துல வச்சிரு" என்று ஒரு தடவை சொன்னான், இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தான், முடியவில்லை. நடக்காத பாதைக்கும் பாடை வந்துவிட்டது.

மத்தியானம் பாடை கட்டி, பறை அடித்து, தெரு மொத்தமும் கோட்டோரம் வந்து நின்றது. அந்தப் பக்கம் துரைராசு நின்றிருந்தார், கையில் கம்பு இருந்தது. அவர் கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. சன்னாசி இருபது வருசம் அவர் வயலில் வேலை செய்தவன், அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"அய்யா, ஒரு தடவ வான்னு சொல்லுங்க. பொதச்சிட்டு அப்படியே திரும்பிருவோம்" என்றாள் பூமயில்.

"ஏத்தா, எனக்கு மட்டும் மனசில்லையா? இன்னைக்கு நான் வான்னு சொன்னா, பொணம் போன தடத்தப் பாத்துப் புள்ளி வச்சிருவான் சர்வேயரு. அப்புறம் என் வயலு ரெண்டாப் போயிரும். வேலைக்குன்னா கூப்புடுறேன். பொணத்தக் கூப்புட்டு எனக்குப் பழக்கமில்ல" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் பொய்யென்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் அதைப் பார்க்க இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அப்போது பூமயில் முன்னால் போய்க் கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினாள். கால் எப்போதும்போல் திரும்பிக் கோட்டோரமாக நடந்தது. எல்லோரும் அந்த இடத்தில் காலை இழுத்துக்கொண்டு பின்வாங்கிவிடுவார்கள். அவள் இழுக்கவில்லை. அது போகிற போக்கில் விட்டாள். அது ஏறிக் கோட்டின் மேலேயே போயிற்று. இரண்டு மாதமாக மிளகாய் காயப்போட்டவர்களுக்கு, அதன் மேல் நடந்து ஊரெல்லாம் போகலாம் என்று தோன்றவேயில்லை. "தூக்குங்கடா. ஒத்த வரிசையா வாங்க" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

நேராகப் போனால் கால் மணி நேர தூரம். கோட்டின் மேல் போனால், இந்த வயலின் ஓரமாகக் கிழக்கே போய், மூன்று கோடு கூடுகிற கல்லில் திரும்பி, அடுத்தவன் தோப்பின் ஓரமாக மறுபடி மேற்கே வந்து, உட்பிரிவு உட்பிரிவாக அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்ட நிலங்களில் எட்டு மூலை திரும்பி, இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பாடை தூக்கியவர்கள் முன்னால் இருவர் பின்னால் இருவராக நடக்க இடமில்லாமல் ஒருவர் பின் ஒருவராக நின்று தலையில் தாங்கினார்கள். பறைக்காரர் ஒரு காலைப் பக்கத்து வயலில் வைக்கப் பார்த்துத் தடுமாறித் திரும்பக் கோட்டுக்கே வந்தார். இரண்டு பக்கமும் வயல்காரர்கள் நின்று பார்த்தார்கள். தடுக்கவும் முடியவில்லை, ஏனென்றால் கோடு யாருடையது என்று கேட்டால் இந்தப் பக்கத்துக்காரன் அந்தப் பக்கத்தையும், அந்தப் பக்கத்துக்காரன் இந்தப் பக்கத்தையும் காட்டினான்.

ஆனால் தரிசைச் சுற்றியும் ஒரு முழுக்கோடு இருந்தது. அரசாங்கத்துத் தரிசு. பட்டாவில் யார் பேரும் கிடையாது, அதனால் வா என்று கூப்பிட ஆளே கிடையாது. பனைமரம் நாற்பது அடி தூரத்தில் நின்றது. பூமயில் கோட்டின் மேல் நின்று கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை வாங்கி, தன் காலடியில், கோட்டிலேயே, முதல் வெட்டு வெட்டினாள். மேல் மை ஒரு விரற்கடை கனத்துக்குப் பெயர்ந்து வந்தது, அதற்குக் கீழே சாதாரண மண்தான். கோட்டின் அகலத்துக்குள் அடங்கும்படி நீளவாக்கில் தோண்டி, முகம் பனையைப் பார்க்க ஒருக்களித்து அவனைப் படுக்க வைத்தார்கள். "அவ பக்கத்துல வைக்க முடியலய்யா. பாக்குற தூரத்துல வச்சிருக்கேன். என்னால முடிஞ்சது இவ்வளவுதான்" என்று மண்ணைத் தள்ளிக்கொண்டே அவனிடம் சொன்னாள்.

துரைராசு மறுநாளே புகார் கொடுத்தார். சர்வேயர் வந்து பார்த்தார், மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோடு என்பதற்கு நீளம் மட்டுமே உண்டு, அகலம் கிடையாது; அகலமில்லாத இடத்தில் ஆளைப் புதைக்க இயலாது; ஆகவே புகாரில் கண்டபடி எவரும் புதைக்கப்படவில்லை என்று அறிக்கை எழுதிவிட்டுப் போய்விட்டார். புதைத்ததற்குச் சான்று இல்லாததால் சன்னாசி இறந்ததற்கும் சான்று இல்லை. விதவைச் சான்றுக்குப் பூமயில் போட்ட மனு, கணவர் உயிருடன் இருப்பதாகக் கருதித் தள்ளுபடி செய்யப்பட்டது. அதைக் கேட்டுத் தெருவே சிரித்தது. அவளும் சிரித்தாள், ரொம்ப நேரம் சிரித்தாள், பக்கத்து வீட்டு ஒய்யம்மாள் வந்து பிடித்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

வயல்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கோட்டின் மேல் ஆள் நடக்கிறது, பிணம் போகிறது என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டதில், தை பிறந்ததும் படத்தை மெல்லிய முனையில் வரைந்து மறுபடி அச்சடிப்பது என்று உத்தரவு வந்தது. மெர்சி பூமயிலைக் கூப்பிட்டனுப்பிச் சொன்னாள்:

"புதுக் கோடு தரையில நாலு விரல் அகலம்தான்மா வரும். கால் வைக்க முடியாது."

"அவரு?"

மெர்சி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "ஒரு வழி இருக்கு. இடுகாடுன்னு குறி போட்டுட்டா அதை யாரும் அழிக்க முடியாது. இடுகாடுன்னு குறி போட்டா, அதுக்குத் தெருவுலருந்து புள்ளிக்கோட்டுல பாதையும் காட்டியே ஆகணும், ஆட்சேபணையே வாங்கக் கூடாது. இதெல்லாம் விதியிலேயே இருக்கு."

"அப்ப போடும்மா."

"அறிக்கை என்ன சொன்னாலும், தரையில மேடு தெரிஞ்சாத்தான் கணக்கு. ஒரு குழி இருந்தா இடுகாடு ஆகாது. குறைஞ்சது ரெண்டு வேணும். மார்கழி முடியறதுக்குள்ள."

அன்று சாயங்காலம் தெரு கூடியது. வெறும் மேடு ஒன்றைக் கட்டிக் காட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் அவர் வாயைப் பொத்தினார்கள்; எழுதியபடி தரை ஆகிற ஊர் இது, இரண்டு குழி என்று எழுதிவிட்டால் இரண்டாவதுக்கான ஆளை அதுவே எடுத்துக்கொள்ளும், அது யார் வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று யார் கண்டது? கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு பூமயில், "ரெண்டாவது நான்தேன். அவரு காலடியில எனக்கு எடம் விட்டுத்தான் பாத்து வச்சிருக்கேன். எனக்கும் இப்ப நெஞ்சுச்சளி கூடுதலாத்தான் இருக்கு" என்றாள். என்ன பேச்சு இது, நீ நூறு வருசம் இருப்ப என்று எல்லோரும் அவளைக் கடிந்துகொண்டார்கள். மனதாரத்தான் கடிந்துகொண்டார்கள். வேறு யாரும் முன்வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது, அவளுடைய இருமலும் பிடித்தது. அது வரைக்கும் அவளை யாரும் அவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை. இப்போது கம்பு பிடிக்கப் போகிறவர்கள் போகும்போது ஒரு தடவையும் வரும்போது ஒரு தடவையும் அவள் வாசலில் நின்று, "உடம்பு எப்படி இருக்கு அத்தே?" "சளி இறங்கிருச்சா மதினி?" என்று கேட்டார்கள். கேட்கிற குரலில் பாசம் இருந்தது. பாசம் இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கார்த்திகையில் ஒய்யம்மாள் தினமும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்த துளசிக் கஷாயத்தை ஒரு நாள் கொண்டுவரவில்லை. மறுநாளும் கொண்டுவரவில்லை. பூமயில் ஏனென்று கேட்கவில்லை, ஒய்யம்மாளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் முன்னைப்போலவே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மார்கழி இருபதாம் தேதி வெயில் நன்றாக அடித்தது. பூமயில் வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது, மூன்று நாளாக இருமல் வரவில்லை, பசித்தது. வேலைக்குப் போகிற வரிசை அவள் வாசலில் நின்றது. ஒவ்வொருவராக அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"உடம்பு எப்படித்தா இருக்கு?"

அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தர முடியாதவள் சொல்கிற குரலில், "இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.